தீபாவளி லீவும் அருவித் தண்ணியும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் குடும்பங்களைப் பார்த்து, "லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "தாப்பாவுக்கு இறங்கும்போது பஸ்ஸில இருந்து பாத்திருக்கோம்" என்பார்கள். "இறங்கி நின்னு பாத்தீங்களா?" என்று கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் சனங்கள் பணம் செலவழித்து வந்து பார்த்துவிட்டுப் போகிற அருவி அது. மூன்று தலைமுறையாக இந்த மலையிலேயே குடியிருக்கும் நாம் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

முப்பது வருஷம் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி, கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது நம்மிடம் சொன்னார்: "தண்ணி மேலேருந்து கீழ விழுவுது. அதுல பாக்கறதுக்கு என்னா தம்பி இருக்கு? மழ பேஞ்சா எங்க லயத்துக் கூரையிலேருந்தே விழுவுது." எல்லாரும் சிரித்தோம். ஆனால் பாட்டியின் பேரப்பிள்ளைகள் அப்படி இருப்பதில்லை. கையில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, தீபாவளி முடிந்த மறுநாள் நாலு சிநேகிதர்களோடு அருவிக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். போகிறவர்கள் எந்தத் தண்ணீரில் கால் வைக்கிறோம், எந்த மாதத்தில் வைக்கிறோம் என்பது தெரிந்து போக வேண்டாமா? அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அருவி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். இன்று பத்திரிகைகளில் நீர்வீழ்ச்சி என்று எழுதுகிறார்கள். நம் பாட்டன்மார் அருவி என்றுதான் சொன்னார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கப்பலேறியவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்கள் லாத்தா என்றும் ஜெராம் என்றும் சொல்கிறார்கள். லாத்தா என்றால் அருவி. ஜெராம் என்றால் பாறைகளுக்கு இடையில் தண்ணீர் குதித்தோடும் இடம்.

நம் மலைக்கு அருவி வந்த கதை தானா ராத்தா என்ற பேரிலேயே இருக்கிறது. தானா ராத்தா என்றால் சமமான நிலம். 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவைக்காரர் இந்தக் காட்டுக்குள் வந்தபோது, சுற்றிலும் சிகரங்கள் நிற்க நடுவில் சமவெளிபோலக் கிடந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதி வைத்தார். மலைக்கு அவர் பேர் வந்தது அதனால்தான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தானா ராத்தா. பெர்தாம் ஆறு அந்தச் சமநிலத்தில் வயசானவர் நடப்பதுபோல மெதுவாகப் போகிறது. நிலம் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் அதே ஆறு சட்டென்று குதிக்கிறது. அந்த இடத்தில்தான் ராபின்சன் அருவி இருக்கிறது.

சரி, சரிவு வந்தால் ஆறு சறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, ஏன் குதிக்க வேண்டும்? பாறைதான் காரணம். நம் மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். பூமிக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பு ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளேயே ஆறி இறுகியது இது. மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் மழையில் கரைந்து போன பிறகு வெளியே தெரிந்தது. பார்க்க ஒரே கல்லாக இருந்தாலும் அதில் வெடிப்புகள் ஓடுகின்றன. சில இடத்தில் நெருக்கமாக ஓடும், சில இடத்தில் வெகு தூரத்துக்கு ஒரு வெடிப்பும் இருக்காது. வெடிப்பு நெருங்கிய இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கல்லையே உளுத்துப் போகச் செய்கிறது. இது புத்தகச் செய்தி மட்டுமல்ல. நம் தோட்டத்தில் ரோட்டுக்காக மலையை வெட்டும்போது பாருங்கள், கல்லைப்போலவே தோற்றம், மண்வெட்டி போட்டால் மஞ்சளும் சிவப்புமாகப் பொலபொலவென்று உதிரும். அதற்குள் உளுக்காத உருண்டைக் கற்கள் யானைக் குட்டிகள்போல உட்கார்ந்திருக்கும். அந்த உளுத்த மண்ணை ஆறு எளிதில் வாரிக்கொண்டு போய்விடுகிறது. வெடிப்பில்லாத கெட்டிப் பாறையை அப்படிச் செய்ய முடியவில்லை. பாறை படியாக நிற்கிறது, தண்ணீர் படியிலிருந்து கீழே விழுகிறது.

விழுகிற தண்ணீர் சும்மா இருப்பதில்லை. அடிவாரத்தில் குழி பறிக்கிறது. மழைக் காலத்தில் உருண்டு வருகிற கூழாங்கற்கள் அந்தக் குழிக்குள் சிக்கி, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றிப் பாறையையே அரைக்கின்றன. வருஷக் கணக்கில் இல்லை, ஆயிரம் ஆயிரம் வருஷமாக அரைத்த குழி அது. மேலே பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர் மாதிரி பச்சையாக, அமைதியாகத் தெரியும். ஓரடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் மூழ்கும் ஆழம். அடியில் சுழல் வேறு. நீந்தத் தெரிந்த பையன்கள் சாகிற இடம் பெரும்பாலும் இந்தக் குழிதான்.

இன்னொரு சங்கதி, அருவி ஒரே இடத்தில் நிற்பதில்லை. அடியை அரித்து அரித்து மேல்பாறை இடிந்து விழ, அருவி மெல்ல மெல்ல ஆற்றின் மேல்பக்கமாகப் பின்வாங்குகிறது. வட அமெரிக்காவில் நயாகரா அருவியில் மேலே கெட்டிப் பாறை, கீழே மெத்தென்ற களிப்பாறை. கீழ்ப்பாறை கரையக் கரைய மேல்பாறை ஒடிந்து, 12,000 ஆண்டுகளில் அந்த அருவி ஏறக்குறைய 11 கிலோமீட்டர் பின்னால் போயிருக்கிறது. நம் கருங்கல் அவ்வளவு வேகமாகக் கொடுத்துவிடாது.

லாத்தா இஸ்கண்டார் வேறு ஜாதி. தாப்பாவுக்கும் ரிங்லெட்டுக்கும் ஏறக்குறைய நடுவழியில், பேராக் மாநில எல்லைக்குள், ரோட்டோரத்திலேயே இருக்கிறது. அந்தரத்தில் விழாமல், சாய்ந்த பெரிய பாறைமேல் வழிந்து வழிந்து படிப்படியாக இறங்குகிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும். பாசி பிடித்த அந்தச் சாய்ந்த பாறையில் சிலிப்பர் போட்டுக்கொண்டு படம் பிடிக்க ஏறுகிறவர்களை நினைத்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதையெல்லாம்விடப் பெரிய அருவி ஒன்று நம் மலையில் உண்டு. அதை யாரும் பார்க்க முடியாது. தெலோம் ஆற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெர்தாம் பக்கம் திருப்பி, ரிங்லெட் ஏரியில் தேக்கி, அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் மேற்கே இறக்குகிறார்கள். பூமிக்கு அடியில் ஐந்நூறு மீட்டருக்கும் மேல் இறங்கிய தண்ணீர் ஜோர் என்ற இடத்தில் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றுகிறது. சுல்தான் அபு பக்கார் அணையும் இந்த மின்நிலையமும் 1963-இல் வந்தன. நான்கு எந்திரங்கள், மொத்தம் 100 மெகாவாட். இயற்கையாக விட்டிருந்தால் இந்தத் தண்ணீர் ஜெலாய், பஹாங் ஆறுகள் வழியாகக் கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போயிருக்கும். இப்போது மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ராபின்சன் அருவிக்குக் கீழேயும் அந்த அருவியின் பேரிலேயே ஒரு சின்ன மின்நிலையம் இருக்கிறது. விழுகிற தண்ணீருக்கு எவ்வளவு பலம் என்று கேட்டால் இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. எந்திரத்தைச் சுற்றுகிற அதே பலம்தான், குளிக்கிற பிள்ளையின் காலையும் வாருகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நமக்கு லீவு எப்போது? மே தினம், தீபாவளி. இந்த இரண்டுக்கும்தான் குடும்பத்தோடு வெளியே கிளம்புகிறோம். கேமரன் மலையில் மழை எப்போது? வருஷத்துக்கு 2,600 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது எட்டரை அடிக்குக் குறையாமல் இங்கே கொட்டுகிறது. அந்த மழை இரண்டு பருவத்தில் உச்சத்துக்குப் போகிறது: ஏப்ரல், மே ஒன்று; அக்டோபர், நவம்பர் மற்றொன்று. பருவக்காற்று மாறும் காலம் அது. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். ஆக, மே தினம் ஓர் உச்சத்தில் விழுகிறது, தீபாவளி மற்றோர் உச்சத்தில் விழுகிறது! லீவுப் பட்டியலையும் மழைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நமக்கே திக்கென்றது.

வெறும் பேச்சில்லை. 2013-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாளே இருந்தபோது, அக்டோபர் 23-ஆம் தேதி நடுநிசி தாண்டி, அடைமழையில் ரிங்லெட் அணைத் தண்ணீர் திறந்துவிடப்பட்டுப் பெர்தாம் வேலி வெள்ளக்காடாயிற்று. வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மறுவருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில், நவம்பர் 5-ஆம் தேதி, அதே வட்டாரத்தில் மறுபடியும் வெள்ளமும் மண்சரிவும். மலையைக் கண்டபடி வழித்து எடுத்தால் மண் ஆற்றுக்கு வருகிறது, ஆற்றிலிருந்து ஏரிக்கு வருகிறது, ஏரி மேடாகிறது. மேடான ஏரியில் மழைத் தண்ணீருக்கு இடம் ஏது? வளர்ந்த தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மொட்டையாக வெட்டிய சரிவு பிடித்து வைக்காது. அருவித் தண்ணீர் ஏன் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அருவிக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மலாய்ச் சொல் ஒன்று இருக்கிறது: கெப்பாலா ஆயர். நாம் தலைநீர் என்று சொல்லலாம். மேலே சிகரத்தில் பெருமழை பெய்து, ஓடைகளெல்லாம் ஒன்றுகூடி, ஒரே சுவராக இறங்கி வருவதுதான் தலைநீர். சில சமயம் மண்சரிந்தோ மரம் விழுந்தோ ஆற்றை அடைத்துக்கொள்ளும். அந்தத் தற்காலிக அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறி ஏறி, பிறகு உடைத்துக்கொண்டு கல்லும் கட்டையுமாக வரும். கீழே குளிக்கிறவன் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அவனுக்கு மழையே தெரியாது. நம்மை ஏமாற்றுவது அந்த வெயில்தான்.

இதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில், கம்பார் அருகே போஸ் டிப்பாங் என்ற ஓராங் அஸ்லி கிராமத்தில் 1996 ஆகஸ்டு 29-ஆம் தேதி இப்படித்தான் மரமும் மண்ணும் கலந்த வெள்ளம் இறங்கி 44 பேரைக் கொண்டுபோனது. அதற்கு முந்திய வருஷம் ஜூன் 30-ஆம் தேதி கெந்திங் செம்பாவில் ரோட்டில் நின்றிருந்த வண்டிகள்மேல் அதே மாதிரி இறங்கி 20 பேர் மாண்டார்கள். கடல் தாண்டியும் இதே கதைதான். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் திடீர் வெள்ளம் வந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள், 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதுவும் மே மாதம் என்பதைக் கவனியுங்கள்.

தலைநீர் வருமுன் ஆறு சொல்லிவிட்டுத்தான் வரும், கேட்கக் காது வேண்டும். தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கும். இலை, சருகு, குச்சி கூட்டமாக மிதந்து வரும். காலடியில் இருந்த கல் தண்ணீருக்குள் மறையும். மேலே லோரி ஓடுவதுபோல ஒரு முழக்கம் கேட்கும். இதற்கு நேர்மாறாகத் தண்ணீர் திடுமென்று குறைந்தாலும் பயப்பட வேண்டும், மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு, கைபேசி எதையும் எடுக்க நிற்காமல் கரைமேல் ஏறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். யாராவது அடித்துக்கொண்டு போனால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேர், மூன்று பேர் போன வீடுகள் உண்டு. கயிறு, நீளமான கம்பு, மூடிய காலி எண்ணெய்த் தோம்பு, எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். 999-க்கு அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே பஹாங் மாநிலத்தில், மாரான் வட்டாரத்து லுபோக் யூ அருவியில் 2010-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் மூழ்கிப் போனார். அவரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் காய்ச்சல் கண்டு எட்டுப் பேர் மாண்டார்கள். சேற்றுக் கிருமி ஒன்று, எலி மூத்திரத்தால் வரும் கிருமி ஒன்று. இனிப்பு நீர் வியாதிக்காரர்களுக்குச் சேற்றுக் கிருமி மிகவும் பொல்லாதது. நம் தோட்டங்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். காலில் ஆறாத புண் இருப்பவர்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். குளித்து வந்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டால் கிளினிக்கில், "அருவியில குளிச்சேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

மருந்தடிக்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்பையும் மருந்து டப்பாவையும் ஓடையில் கழுவுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பாராகுவாட் 2020-லிருந்து இந்த நாட்டில் தடை. அதோடு எல்லா விஷமும் தொலைந்துவிடவில்லை. அந்த ஓடை எங்கே போகிறது என்று ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள். கழுவ வேறு இடமும் தண்ணீரும் செய்து கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கொடுக்காவிட்டால் கிளையில் எழுதிக் கொடுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

அப்படியென்றால் எப்போதுதான் போவது? ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கே மழை குறைவு. ஜூன், ஜூலையும் பரவாயில்லை. பொங்கல் சமயம் நல்லது. சீனப் புத்தாண்டுக்கு லீவும் உண்டு, மழையும் குறைவு. ஆனால் அந்த நாட்களில் மலைமேல் கார்கள் எறும்புச் சாரிபோல நிற்பதை நாம் அறிவோம். வருஷ லீவு என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு வருஷத்துக்குள் 8 நாள், ஐந்து வருஷம் வரைக்கும் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அதைக் காசாக்குவதைப் பற்றியே யோசிக்காமல், ஒருநாளைப் பிள்ளைகளுக்காக எடுங்கள். அதுவும் வேண்டாமென்றால் வார ஓய்வு நாளே போதும். தானா ராத்தாவில் மார்டி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற பக்கமாக ராபின்சன் அருவிக்கு நடைபாதை போகிறது. பாதை எண் 9 என்று கேட்டால் சொல்லுவார்கள். கீழே போகப் போகச் செங்குத்து. வயசானவர்கள் அருவி தெரிகிற இடத்தோடு திரும்பிவிடலாம். பாரிட் அருவி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால் என்று அர்த்தம். ஊருக்குக் கீழே கிடப்பதால் ஊர்க் குப்பையும் அங்கே வந்து சேருகிறது. பார்க்கலாம், குளிக்க வேண்டாம்.

நம்மோடு வேலை செய்கிற வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியத் தோழர்களையும் கூப்பிடுங்கள். அருவிக்கரையில் எச்சரிக்கைப் பலகை மலாயில் இருக்கும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல ஓர் ஆள் கூட இருக்க வேண்டும். ஓராங் அஸ்லிக்காரர்கள் ரோட்டோரத்தில் பெத்தாயும் தேனும் விற்றுக்கொண்டிருந்தால், இறங்குமுன் அவர்களிடம், "மேல மழையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் தலையாட்டினால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

லோரியில் ஆள் ஏற்றிக்கொண்டு லாத்தா இஸ்கண்டார் வளைவுகளில் இறங்க வேண்டாம். இருபது குடும்பம் பங்கு போட்டால் ஒரு பஸ் பேசிவிடலாம். பேசும்போதே டிரைவரிடம் நேரத்தையும் சொல்லி விடுங்கள்: காலை ஏழு மணிக்குத் தோட்டத்திலிருந்து கிளம்ப வேண்டும், பன்னிரண்டு மணிக்கெல்லாம் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றித் தலை துவட்டி பஸ்ஸில் உட்கார வைத்துவிட வேண்டும். கட்டிக்கொண்டு போன சோற்றை அருவிக்கரையில் பிரிக்காமல், ரிங்லெட் வந்து நிழலாக ஓரிடம் பார்த்துச் சாப்பிடலாம்.